ஆர்

மூடியைத் திறக்குமுன்பே தெரிந்துவிட்டது.
திராட்சை.
பழுத்து, ஈ மொய்க்கத் தொடங்கிய
திராட்சையின் வாசம்.
பதினோரு வருஷ லேப் வேலையில்
என் மூக்கு உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான்.
ஜன்னலுக்கு வெளியே நகரி மலை
தன் மூக்கை வானத்துக்குத் தூக்கிவைத்துக்கொண்டு
ஒன்றும் தெரியாததுபோல.

தட்டில் பச்சை.

முனிரத்தினம், நாற்பத்திரண்டு, சாயப்பட்டறை.
கொதிசாயம் கவிழ்ந்து
இடுப்பிலிருந்து முட்டிவரை வெந்தவர்.
பதினாறாம் நாள் கட்டுத்துணியில் பச்சை பூத்தபோது
தேசம்மா சிரித்தாளாம்:
"ரங்குதானேக்கா அது. கிளிப்பச்சை.
அவரு நகத்துலயே வருஷம் பூரா இருக்கும்."
எந்தத் தொட்டியிலும் கலக்கிய பச்சை இல்லை அது என்று
சிஸ்டர் பிரமீளா சொல்லவில்லை.
பஞ்சில் தொட்டுக் குழாயில் போட்டு
இரண்டு மாடி இறக்கி அனுப்பிவிட்டாள்.

அன்று மாலை
வேறொரு தட்டு முழுக்க அதைப் பூசி
மருந்து தோய்ந்த காகிதப் பொட்டுகளை
இடுக்கியால் ஒவ்வொன்றாக வைத்தேன்.
மருந்து வேலை செய்தால்
நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டுமே, அதுபோல்
பொட்டைச் சுற்றி வெறுமை கட்டும்.
அளவுகோல் வைத்து அளப்பேன்.

மறுநாள் அளவுகோலுக்கு வேலையில்லை.
பொட்டின் விளிம்புவரை வந்து
முட்டிக்கொண்டு நின்றது பச்சை.

டாக்டர் ஹைமாவதிக்குப் போனில் படித்தேன்.
செஃப்டாசிடைம்? ஆர்.
அமிகாசின்? ஆர்.
பிப்பரசிலின்? ஆர்.
மெரோபெனம்?
ஆர்.
எதிர்க்கிறது என்பதற்கு
எங்கள் தாளில் அந்த ஓர் எழுத்துதான்.
எட்டாவது தடவை சொன்னபோது
என் காதுக்கே அது கேள்வியாக விழுந்தது,
ராத்திரி கதவு தட்டியவரைக் கேட்பதுபோல.
ஆர்?

ஆர் கூட்டிவந்தது இதை?
சீட்டில்லாமல் இரண்டு வேளைக்கு அட்டையை வெட்டிக் கொடுத்த
மெடிக்கல் கடைக் கத்தரிக்கோலா?
காய்ச்சல் விட்டதும் மிச்சம் வைத்த மாத்திரைகளா
(என் வீட்டு பிரிட்ஜ் மேலும் ஒரு அட்டை கிடக்கிறது)
கோழித் தீவனமா?
செக்போஸ்டில் லாரியை நிறுத்தித்
தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.
தமிழ்நாடோ ஆந்திராவோ,
இதற்கு எந்தப் பக்கமும் பெர்மிட் கேட்பதில்லை.

மதியம் தீக்காய வார்டுக்கு ஏறினேன்,
டப்பா நிறையப் பஞ்சுக்குச்சியோடு.
கட்டில் கம்பி. திரைச்சீலை. சலைன் ஸ்டாண்ட்.
பிரமீளாவின் பேனா.
பெரிய டாக்டரின் கைக்கடிகாரம்
(நீட்டும்போது முகம் சுளித்தார்).
கை கழுவும் தொட்டி.

இரண்டு நாள் கழித்து
அத்தனை தட்டிலும் ஒன்றே ஒன்று மணத்தது.
தொட்டியின் வடிகால்.

குழாயைத் திறந்தால்
தண்ணீர் நேராக அந்த ஓட்டையில் விழுந்து தெறிக்கிறது.
ஒரு முழம் தள்ளிக் கட்டுத்துணி ட்ரே.
மேலே சுவரில் இரண்டு மொழியில் ஒட்டியிருக்கிறது:
கை கழுவுங்கள். சேதுலு கடுக்கோண்டி.
கழுவினார்கள்.
எல்லோரும் ஒழுங்காகத்தான் கழுவினார்கள்.

ஆர் வரிசையின் அடியில், கொலிஸ்டினுக்கு நேரே மட்டும்
எழுத்து மாறியிருந்தது.
ஐ.
பட்டத்தைப் பார்த்தால் பிள்ளைகள் கத்துகிற எழுத்து.
எங்கள் தாளில் அதன் பொருள் வேறு:
மருந்துக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.
கேட்டாலும்
சிறுநீரகம் தன் கூலியைக் கேட்கும்.
இதைத் தேசம்மாவிடம் எப்படிச் சொல்ல என்று
ஹைமாவதி என்னைக் கேட்டார்.
நான் பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.

இன்று மூன்றாவது டோஸ்.
காய்ச்சல் நூற்றிரண்டில் நிற்கிறது, நேற்றைப்போலவே.
பிளம்பர் வந்து தொட்டியைப் பெயர்த்துப்போய்விட்டான்.
சுவரில் நாலு ஆணித் துளை,
துணி அடைத்த குழாய் ஒன்று,
அதற்கு மேலே இரண்டு மொழியில்
கை கழுவுங்கள்.